உள்நாட்டுப் போருக்கு மாற்றுப்பாதை

“கிளட்ச்! கிளட்ச்சை மிதிங்க சார்! தேயிலையை அப்புறம் கடல்ல கொட்டிக்கலாம்!”

மிதித்தார். கிளட்ச்சை அல்ல, ஆக்ஸிலேட்டரை.

கார் ரவுண்டானாவை ஒரு முழுச் சுற்று சுற்றியது. திரும்ப வேண்டிய சாலையைக் கோட்டைவிட்டு அடுத்த சுற்றுக்கும் கிளம்பியது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி காது கிழிய ஹாரன் அடித்தது. பக்கத்து ஸீட்டில் இருந்த பிரேக் அக்கா, தன் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கார் குலுங்கி நின்றது. அவர் நடத்திக்கொண்டிருந்த பாடத்தில் பாஸ்டன் துறைமுகத்துத் தேயிலை பாதி கப்பலிலும் பாதி கடலிலுமாக நின்றது.

“மன்னிச்சுக்குங்க மேடம். உணர்ச்சிவசப்பட்டுட்டேன்” என்றார் வாத்தியார்.

“இங்கிலாந்துக்காரன் தேயிலைக்கு வரி போட்டா அமெரிக்காக்காரங்க உணர்ச்சிவசப்படட்டும். நீங்க ஏன் சார் லாரிக்கு நடுவுல கோபப்படறீங்க? ஃபர்ஸ்ட் கியர். மெதுவா.”

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. ஆனால் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் கணவர் ரசத்தைச் சிந்தப்போகும் நேரத்தில் அவள் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். அதனால் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று அவளுக்கு வாழ்வா சாவா. அஞ்சல் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்து எல்லாப் பேப்பரையும் முடித்துவிட்டாள், அமெரிக்க வரலாறு நீங்கலாக. அதில் மட்டும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். பதிவுக் காலம் இந்த மாதத்தோடு காலாவதி. இன்றைய வாய்மொழித் தேர்வில் கவிழ்ந்தால், தேறிய பேப்பர்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும். பட்டம் இல்லையென்றால், லைசென்ஸ் ஆபீஸில் தேர்வு அதிகாரி வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அவளிடம் ஒழுங்காகப் படித்த பிள்ளைகளையெல்லாம் முகம் பார்த்தே ஃபெயிலாக்கிய முசுடு ஒருவர் அங்கே ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்பது அக்காவின் ஒரே ஆசை.

இத்தனை பாடம் இருக்க, ஏன் அமெரிக்கா? காரணம் எளிது. மற்ற தேசங்களுக்கெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷச் சரித்திரம். இவர்களுடையதோ நேற்று முளைத்தது, சீக்கிரம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். கொஞ்ச வருஷத்துக்குள் அவர்கள் இத்தனை சண்டை போட்டிருப்பார்கள் என்று யார் கண்டது?

“அந்தாளு கொலம்பஸ் மட்டும் வழி தப்பாம ஒழுங்கா போயிருந்தா, நான் இந்த வீட்டுல நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பேன்” என்று கணவர் தினமும் புலம்புவார்.

அப்போதுதான் வாத்தியார் வந்து சேர்ந்தார். வழுக்கை, வெளுத்த சட்டை, கக்கத்தில் தடியான அமெரிக்க வரலாற்றுப் புத்தகம். வண்டி கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்.

“சரித்திர வாத்தியாரா சார் நீங்க?” என்று அக்கா கிட்டத்தட்ட எழுந்து நின்று கேட்டாள்.

“ம்…” என்றார் அவர்.

அன்றே ஒப்பந்தம் ஆயிற்று. இவள் கியர் சொல்லித்தருவாள், அவர் அமெரிக்கா சொல்லித்தருவார். தெருவுக்கு ஒரு பாடம். ஷெட்டிலிருந்து பேக்கரி வரை குடியேற்றங்கள். ரவுண்டானாவில் சுதந்திரப் போர். சிக்னலில் காத்திருக்கும்போது அரசியலமைப்புச் சட்டம். போஸ்ட் ஆபீஸ் தாண்டினால் மேற்கே மேற்கே என்று நிலம் பிடித்தல். ஊரை வடக்கு தெற்காகப் பிரிக்கும் ரயில்வே மேம்பாலத்தில் ஏறினால் உள்நாட்டுப் போர். இறங்கினால் மறுசீரமைப்பு. ஆஸ்பத்திரி வாசலில் பொருளாதாரப் பெருவீழ்ச்சி, பெட்ரோல் பங்கில் உலகப் போர், ஐஸ் ஃபேக்டரி மதில் நெடுகப் பனிப்போர். கல்லூரி கேட்டுக்குள் நுழைந்தால் நவீன காலம், வண்டியை நிறுத்தலாம்.

வாத்தியார் சொல்லிக்கொடுத்தால் அருவிதான். ஆனால் யாராவது அவரை நேருக்கு நேர் ஒரு கேள்வி கேட்டால் போதும், மனிதர் வியர்த்து வழிந்துவிடுவார். லைசென்ஸ் டெஸ்டில் அதிகாரி “பேரென்ன?” என்று கேட்டதற்கே ரிவர்ஸில் போனவர். பெரிய படிப்பாளிகள் அப்படித்தான் கூச்ச சுபாவமாக இருப்பார்கள் என்று அக்கா விட்டுவிட்டாள்.

இன்று தேர்வுக்கு அவரே வண்டி ஓட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் தண்ணீர் தொட்டு வாரிய நாலு முடி. ‘மாணவிமேல எவ்வளவு அக்கறை!’ என்று நெகிழ்ந்துபோனாள்.

ரவுண்டானா கடந்தது. சிக்னலில் அக்கா சட்டத்தை ஒப்பித்தாள். போஸ்ட் ஆபீஸைத் தாண்டி மேம்பாலத்தை நோக்கித் திரும்பினால், அங்கே தார் டிரம்களை வரிசையாக அடுக்கி வழியை மறித்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையை நீட்டினார்.

“பாலத்துல வேலை நடக்குது. எங்க போகணும்?”

கேள்வி வாத்தியாரைப் பார்த்து வந்தது. வாத்தியார் வாயைத் திறந்தார், மூடினார். வைப்பர் மட்டும் ஓடத் தொடங்கியது.

“காலேஜுக்குங்க, பரீட்சை! பாலத்து மேல ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிடறோமே” என்று கெஞ்சினாள் அக்கா.

“எதுக்கும்மா?”

“உள்நாட்டுப் போர் மேலதான் இருக்குது!”

போலீஸ்காரர் காருக்குள் குனிந்து இருவரையும் மாறி மாறி மோந்து பார்த்தார். சந்தேகம் தீராமலே சந்துப் பக்கம் கைகாட்டினார். சந்துக்குள் புகுந்து வெளியே வந்தால் நேராக ஆஸ்பத்திரி வாசல்!

“சார்! நிலம் பிடிச்ச கையோட பெருவீழ்ச்சிக்கு வந்துட்டோம் சார்! நடுவுல சண்டையே நடக்கலை!”

“பதறாதீங்க மேடம். அது… அது கேக்க மாட்டாங்க” என்றார் வாத்தியார். அவர் குரல்தான் அதிகமாக நடுங்கியது.

கேட்டார்கள். அதைத்தான் முதலில் கேட்டார்கள்.

தேர்வு அறையில் மேஜைக்குப் பின்னால் ஒரு பேராசிரியை. மூக்கு நுனியில் கண்ணாடி, முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். “உட்காருங்க. உள்நாட்டுப் போர் ஏன் வந்தது, என்ன ஆச்சு, அதுக்கப்புறம் என்ன? சொல்லுங்க.”

அக்காவின் தலைக்குள் கார் கிளம்பியது. போஸ்ட் ஆபீஸ் வந்தது. தார் டிரம் வந்தது. நின்றுவிட்டது.

“தெரியலையா?”

“தெரியும் மேடம். வழி அடைச்சிருக்கு.”

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முசுடு அதிகாரியின் நாற்காலி நினைவுக்கு வந்தது. கோபம் வந்தது. மனதுக்குள் இறங்கிப்போய் டிரம்களை ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினாள். திரும்ப ஏறி உட்கார்ந்தாள். வெறும் கையில் ஸ்டியரிங் முளைத்தது. இடது கை கியர் போட்டது.

“வண்டியில முதல்லேர்ந்தே பெரிய சுமை மேடம், அடிமை முறை. தேசம் ஆரம்பிச்சப்பவே ஏத்திட்டாங்க, ஆனா சட்டம் எழுதினவங்க அந்தப் பேரையே உச்சரிக்காம நாசூக்கா தாண்டிட்டாங்க. மேற்கே புதுசு புதுசா மாநிலம் சேரச் சேர, அங்க அடிமைகள் உண்டா இல்லையான்னு தகராறு. ஏத்தம் ஆரம்பிச்சாச்சு. அடிமை முறையைப் பரவ விடமாட்டேன்னவர் ஜனாதிபதியா ஜெயிச்சார். தெற்கு மாநிலங்கள் தனியாப் பிரிஞ்சுது. வண்டி பின்னால உருளுது மேடம், ஹாஃப் கிளட்ச்!”

“ஹாஃப்…?”

“லட்சக்கணக்கில சாவு. நடுவுல விடுதலைப் பிரகடனம், அங்கதான் வண்டி பிடிச்சு நிக்குது. வடக்கு ஜெயிச்சுது. அடிமை முறை ஒழிஞ்சுதுன்னு சட்டத்தைத் திருத்தினாங்க. பாலத்து உச்சி! இனிமே இறக்கம். மறுசீரமைப்பு. குடியுரிமை உண்டுன்னாங்க, ஓட்டு உண்டுன்னாங்க. படையை வாபஸ் வாங்கினதும் தெற்குல கொடுத்ததையெல்லாம் ஒண்ணொண்ணா பிடுங்கிட்டாங்க…”

இங்கே அவள் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. மேஜை துள்ளியது. டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் பேராசிரியையின் மடிக்குப் பாய்ந்தது.

“ஏம்மா உதைக்கிறீங்க?”

“பிரேக் மேடம்! இந்த இடத்துல போடலைன்னா நேரா அடுத்த பாடத்துல வர்ற ரயில்வே முதலாளிங்க மேல மோதிடுவோம்!”

பேராசிரியை புடவையை உதறினார். உதடு துடித்தது. கோபமா சிரிப்பா என்று தெரியாமல் அக்கா விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

“பெண்களுக்கு ஓட்டுரிமை எங்க வருது?” என்றார் பேராசிரியை. கேட்டுவிட்டு நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் முன்னாடி, டெய்லர் கடை வாசல்ல மேடம். கிடைக்கிறதுக்குள்ள எத்தனை தலைமுறை! அங்க எப்பவும் டிராஃபிக் ஜாம்.”

பெருவீழ்ச்சியில் வேகம் குறைத்தாள். பங்கில் நிறுத்தி உலகப் போரை முடித்தாள். ஐஸ் ஃபேக்டரி மதிலை ஒட்டி ஒரு கையால் ஏவுகணைகளையும் மறு கையால் மனித உரிமைப் பேரணியையும் காட்டிக்கொண்டே போனாள்.

“போதும்மா, நிறுத்துங்க.”

“இங்க நிறுத்தக் கூடாது மேடம். சந்திரன்ல இறங்கிட்டு ஓரம் கட்டறேன்.”

இறங்கினாள். ஓரம் கட்டினாள். ஹேண்ட் பிரேக் போட்டாள். பேராசிரியை மேஜைமேல் தலையைக் கவிழ்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாஸ். தாராளமா பாஸ். காரணம், விளைவு எல்லாம் கரெக்டா கோத்துச் சொன்னீங்க. இப்படி யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?”

“எங்க வாத்தியார் மேடம். வெளியிலதான் இருக்கார். தங்கமான மனுஷர்.”

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். வராந்தா பெஞ்சின் நுனியில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பாஸ் சார்! பாலத்துல ஏறிட்டேன் சார்! எல்லாம் நீங்க போட்ட பிச்சை!”

“சந்தோஷம் மேடம்” என்றார். முகத்தில் சந்தோஷத்தைத் தேட வேண்டியிருந்தது. “அது… பாலம் ஏறினதும் முதல்ல என்ன வருது?”

“என்ன சார், எனக்கே பரீட்சையா?”

அப்போது பியூன் கதவிடுக்கில் தலையை நீட்டினான். வாத்தியாரைப் பார்த்ததும் பழைய சொந்தக்காரரைக் கண்டதுபோல் முகம் மலர்ந்தது.

“வாங்க மெத்தைக்கடை அண்ணே! இந்தத் தடவையும் வந்துட்டீங்களா? உங்க நம்பர்தான், உள்ள வாங்க.”

வாத்தியார் எழுந்தார். தடிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அக்காவுக்குக் கால் தானாகத் தரையை மிதித்தது. “மெத்தைக்கடையா? அப்ப நீங்க வாத்தியார் இல்லையா?”

“நீங்கதான் மேடம் அப்படிக் கூப்பிட்டீங்க. எங்க கடையில யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கேக்க நல்லா இருந்துது. அடுத்தவங்களுக்குச் சொல்லும்போது எனக்கு எல்லாம் வருது மேடம். கேட்டாங்கன்னாதான்…”

“அப்ப இந்தப் பேப்பர்ல நீங்களும் என்னை மாதிரி…?”

“உங்க மாதிரி இல்லை மேடம்” என்றார் அவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. “உங்களைவிட ஒரு தடவை ஜாஸ்தி.”