காவலாளியின் வசனம் மட்டும்

ஜாஸ்பர் அந்தப் புத்தகத்தை வாங்கவில்லை, கடைக்காரன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தான். புனித பால் பேராலய முற்றத்துப் புத்தகக் கடையில் அவனுடைய நாடகம் அச்சாகித் தொங்கிக்கொண்டிருந்தது. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்பதுதான் லண்டன் வழக்கம். நாடகக் குழுவுக்கு விற்றுவிட்ட நாடகம் தத்துக் கொடுத்த பிள்ளை மாதிரி. பெற்றவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வயிற்றெரிச்சலோடு பக்கத்தைப் புரட்டினால், உள்ளே இருந்தது அவன் எழுதியதே அல்ல.

நாட்டை இழந்து சிறையில் கிடக்கும் ஒரு பிரபுவின் கதை அது. மூன்று ஆண்டுகளுக்கு முன், கொள்ளைநோய் அடித்த கோடையில், ஜாஸ்பர் தன் மகளைப் புதைத்தான். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காதவன், பேச வேண்டியதையெல்லாம் அந்தப் பிரபுவின் வாயில் வைத்தான். ‘இந்த நாடு எனக்கு வேண்டாம், என் மகள் மேல் விழுந்த ஒரு பிடி மண் போதும்’ என்று எழுதிய அன்று அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் இப்படி இருந்தது: ‘மகளும் போனாள், மண்ணும் போச்சு, மகுடமே நீயும் ஓடிப்போ!’

பக்கத்துக்குப் பக்கம் இதே கந்தல்தான். ஆனால் ஒரே ஒரு பாத்திரத்தின் பேச்சு மட்டும் எழுத்துப் பிசகாமல் இருந்தது. சிறைக் காவலாளி. பிரபு புலம்பி முடித்ததும் அவன் சொல்லும் ‘ஐயா, பேசாதீர்கள். நானும் ஒரு குழி தோண்டியவன்தான்’ அப்படியே இருந்தது.

நடிகர்கள் கைக்கு முழு நாடகமும் போவதில்லை. அவரவர் வசனமும், முன்னால் பேசுகிறவனின் கடைசி இரண்டு சொற்களும் எழுதிய ஒரு சுருள்தான் கிடைக்கும். தன் வசனம் மனப்பாடம், மற்றவர்களுடையது அரைகுறை ஞாபகம். அப்படிப்பட்ட ஒருவன்தான் அச்சகத்தானிடம் ஒப்பித்திருக்க வேண்டும். காவலாளியாக நடிப்பவன் பார்னபி, குழுவின் லாபத்தில் பங்கில்லாத கூலி நடிகன். ஜாஸ்பர் ஆற்றைக் கடந்து நேராக நாடகக் கொட்டகைக்குப் போனான். காலை ஒத்திகைக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள்.

“திருட்டு நாயே! எவ்வளவுக்குடா வித்தே?” என்று புத்தகத்தைப் பார்னபியின் மார்பில் அடித்தான்.

பார்னபி குனிந்து எடுத்து, நிதானமாகப் புரட்டினான். “நான் விக்கலங்கய்யா.”

“உன் வசனம் மட்டும் சுத்தமா இருக்கு. மத்ததெல்லாம் குப்பை. இதுக்கு என்னடா சொல்றே?”

“முதல் நாளுக்கு அப்புறம் என்னிக்காச்சும் வந்து நம்ம ஆட்டத்தைப் பாத்தீங்களா?”

“அடுத்த நாடகத்தை உங்கப்பனா எழுதுவான்? பேச்சை மாத்தாதே!”

குழுவின் பெரிய பங்காளியும் பிரபுவாக நடிப்பவனுமான ஹம்ப்ரி, அதுவரை சுவரில் சாய்ந்து நின்றவன், முன்னால் வந்தான். “கவிஞரே இவ்ளோ தூரம் சொல்றப்ப நாம என்னத்த பேசுறது? பார்னபி, கிளம்புப்பா.”

பார்னபி உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஜாஸ்பரிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் நெருப்பு. “எம் பொண்டாட்டி கேட்டா என்னன்னு சொல்லுவேன்? திருடன்னு ஊரே சொல்லுமே! இன்னிக்கு மத்தியானம் ஆட்டத்தப்ப கொட்டகை முற்றத்துல, கூட்டத்தோட கூட்டமா நில்லுங்க. புத்தகத்தைப் பிரிச்சு வெச்சுக்கிட்டுக் கேளுங்க.” அதோடு போய்விட்டான்.

ஜாஸ்பர் நின்றான், அவனைப் பொய்யனாக்குவதற்காகவே. ஆட்டம் தொடங்க எக்காளம் முழங்கியது. கொட்டைகளை உடைத்துத் தின்றுகொண்டிருந்த தோல் பதனிடுகிறவர்களுக்கு நடுவே, புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

ஹம்ப்ரி பேசப் பேச விரல் வரிமேல் ஓடியது. எங்கேயும் தடுக்கவில்லை. அச்சில் இருந்தது அட்சரம் பிசகாமல் ஹம்ப்ரியின் வாயிலிருந்து வந்தது. “மகளும் போனாள், மண்ணும் போச்சு, மகுடமே நீயும் ஓடிப்போ!” முற்றம் முழுக்கக் கைதட்டியது. எவனோ ஒருவன் இதே முற்றத்தில் நின்று, காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதிக்கொண்டு போயிருக்கிறான். புத்தகம் பொய் சொல்லவில்லை. இத்தனை நாளும் இந்த மேடையில் ஜாஸ்பர் எழுதியதைப் பேசியது ஒரே ஒரு வாய்தான்.

காவலாளியாக வந்த புது ஆள் ஹம்ப்ரியின் தோளில் தட்டினான். “குழியா? எத்தனை அடி ஆழம், பிரபுவே?”

கொட்டகை அதிரச் சிரித்தது. பக்கத்தில் நின்றவன் சிரிப்பு தாங்காமல் ஜாஸ்பரின் முதுகில் அறைந்தான். மகளைப் புதைத்த அன்றுகூட ஜாஸ்பருக்கு இவ்வளவு வலித்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னாலிருந்த உடுப்பறைக்குப் போய் ஹம்ப்ரியின் சட்டையைப் பிடித்தான். “பார்னபியைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு! தப்பு என்னோடது. அவன் திருடன் இல்லேன்னு எல்லார் முன்னாலயும் நானே சொல்றேன்.”

ஹம்ப்ரி சட்டையை விடுவித்துக்கொண்டு முகப்பூச்சைத் துடைத்தான். “தாராளமா சொல்லு. அவன் மட்டும் திரும்ப வரமாட்டான். இந்த நாடகம் எங்களுது; இதுல யார் நடிக்கணும்னு சொல்ல நீ யாரு?”

“காலையில என் பேச்சைக் கேட்டுத்தானே அனுப்பினே?”

“ஆமா. அவன் என் பக்கத்துல நின்னு அந்த ஒத்தை வரியைச் சொல்றப்பல்லாம் கூட்டம் என்னை விட்டுட்டு அவனையே பாத்துக்கிட்டு இருக்கும். ரெண்டு வருஷமா அவனைக் கழட்டிவிட ஒரு சாக்குத் தேடிக்கிட்டிருந்தேன்யா. நீதானே கொண்டாந்து கையில குடுத்தே!”

ஜாஸ்பர் கையை ஓங்கினான். சுற்றி நின்ற நடிகர்கள், காலையில் அவன் திருடன் திருடன் என்று கத்தியதைக் கேட்ட அதே ஆட்கள், தடுக்கக்கூட வராமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே கூட்டம் ஹம்ப்ரியின் பெயரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டது. அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஓங்கிய கைக்கு அடியில் குனிந்து, கூட்டத்தை வணங்க மேடைக்குப் போனான்.