பூமாலை சொன்ன பதில்

மூங்கில்துறைப்பட்டு சாலையில் கரும்பு டிராக்டரை உரசிக்கொண்டு முந்தினான் அன்புச்செல்வன். பின்னாலிருந்து வந்த வசவு அவன் காதில் ஏறவில்லை. தேர்வாளர் விஜயலட்சுமியின் கார் கள்ளக்குறிச்சியைத் தாண்டிவிட்டது. அது வந்து சேருவதற்குள் பூமாலையைப் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் முனைவர் பட்டம் காலி.

கரும்பு வெட்டுகிறவர்களுக்கு வரும் சிறுநீரக நோய்தான் அவன் ஆய்வு. பாதிப் பேரிடம் நேரில் பேசினான். மீதிப் பேருக்கு, வெட்டுக் கும்பலின் மேஸ்திரி கொடுத்திருந்த பெயரையும் வயதையும் ஏஐயிடம் போட்டு, 'இவர்கள் சொன்ன மாதிரி பதில் எழுது' என்றான். எழுதிக் கொட்டியது.

"மொழியைத் திருத்த வச்சுக்கோ, அதையும் மறைக்காம ஆய்வேட்டுல சொல்லிடு. மனுஷனுக்குப் பதிலா மட்டும் அதைப் பேச விடாதப்பா" என்று வழிகாட்டி சிவசங்கர் படித்துப் படித்துச் சொன்னார். யார் கேட்டது?

ஆய்வேட்டைப் புரட்டிய தேர்வாளர் ஒரே ஒரு பெயரில் விரலை வைத்தார். "இந்தப் பூமாலையை நான் பார்க்கணும்."

அவன் போய்ச் சேர்ந்தபோது கரும்புக் கொல்லையில் வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

"ஷூ மாட்டிக்கினு கரும்பு வெட்ட வந்துட்டியா தம்பி?" என்றாள் வெட்டிக்கொண்டிருந்த செவ்வந்தி. கும்பலே சிரித்தது.

"பூமாலைன்னு ஒருத்தர்..."

சிரிப்பு அறுந்தது. மேஸ்திரி தமிழரசன் ஒரு பெண்ணைப் பார்த்தார். கரும்புச் சோகை கிழித்த கைகளோடு அவள் நிமிர்ந்தாள்.

"நான் அவரு வூட்டுக்காரி, அம்சவள்ளி. இன்னா வேணும்?"

"ஒரு மேடம் வராங்கக்கா. என்கிட்ட பேசினதா அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"பேசினாரா? உங்கிட்டயா?"

"ஆமாக்கா. மாட்டுப்பொங்கல் கழிஞ்ச சனிக்கிழமை."

அவள் அவனையே பார்த்தாள். "இன்னா பேசினாரு? படி, கேப்போம்."

கைபேசியைத் தடவி அவசரமாக வாசித்தான். "'உடம்புக்கு ஒரு கொறையும் இல்லீங்க. தண்ணி நல்லாக் குடிக்கிறேன். இன்னும் எத்தினியோ வருஷம் வெட்டுவேன்.'"

புழுதியோடு கார் வந்து நின்றது. விஜயலட்சுமி இறங்கி வரப்போரம் நின்றார்.

"இன்னொருவாட்டி படி" என்றாள் அம்சவள்ளி.

படித்தான்.

"அந்தச் சனிக்கிழம நீ வந்தது நெசந்தான். மேஸ்திரி அண்ணன் தூரத்துலேர்ந்து பாத்தாரு. கூப்புடறதுக்குள்ள, கொல்ல காலியாக் கெடக்குதுன்னு வண்டியத் திருப்பிக்கினு போய்ட்ட." அவள் கத்தியைக் கரும்புக் கட்டின் மேல் வைத்தாள். "எங்க கேங்குல ஒரு சாவுன்னா, பொணத்த எடுக்கிற வரைக்கும் யாரும் கத்தியத் தொட மாட்டோம் தம்பி. நாலு எட்டு வச்சு ஊருக்குள்ள வந்திருந்தா உனுக்கே தெரிஞ்சிருக்கும்."

விஜயலட்சுமி இன்னும் ஓரடி நெருங்கினார்.

"ரெண்டு கிட்னியும் போயி, அன்னிக்கி வாசல்ல கெடந்தது எங்க வூட்டுக்காரருதான்."