வசந்தகுமார் விழுங்காத மாத்திரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஏற்றும் சின்னதுரை ஒரே நாளில் இரண்டு ஆள். காலை ஷிப்டில் சின்னதுரை, மத்தியான ஷிப்டில் வசந்தகுமார். வசந்தகுமார் அவன் மச்சான். பெரியபாளையம் கோயில் வாசலில் தேங்காய் விற்கப் போனவன், வேலை டோக்கனை இவனிடம் விட்டுப் போனான். பேர்தான் இரண்டு, இடுப்பு ஒன்று. ஆனால் அந்த இரண்டாவது ஷிப்டு போனால் மகளின் நர்சிங் படிப்பும் போய்விடும்.

அன்று ஷிப்டு மாறும் நேரத்தில் யானைக்கால் நோய்க்கு மாத்திரை கொடுத்தார்கள். நர்சம்மா பேர் கூப்பிட்டு, கண்ணெதிரே விழுங்க வைத்து, விரலில் மை வைத்தார். சின்னதுரை விழுங்கினான். கொஞ்ச நேரத்தில், "வசந்தகுமார்!"

தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றான். நர்சம்மா விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது மை?"

"எலக்சன்ல வச்சதும்மா."

"இன்னும் ஈரம் காயல? ஒரு தபா துன்னா போதும், இது பிரியாணி இல்ல. போய்யா!"

கடைசியில் பதிவேட்டிலிருந்த நாற்பது பேரில் இருபத்தாறு பேர்தான் விழுங்கியிருந்தார்கள். மாத்திரைக் கணக்கு எடுக்க லேப்டாப்போடு வந்திருந்த கமலினி முகம் வாடிப்போனாள்.

"நூத்துக்கு எண்பது பேராவது விழுங்கணும்னு கணக்கு சொல்லுது. அப்பதான் கொசு எடுத்துட்டுப் போற புழு குறைஞ்சிகிட்டே வரும்."

"இதுக்கா பேஜாராவுற? எல்லாத்துக்கும் டிக் போட்டுக்கோம்மா" என்றார் கான்ட்ராக்டர் ரிஜ்வான் பாய்.

சின்னதுரைக்கு உயிர் வந்தது. டிக் விழுந்தால் வசந்தகுமார் பிழைத்தான்.

"கம்ப்யூட்டர் அதை நம்பிடும் சார். நோய் போச்சு, மாத்திரையை நிறுத்துன்னு சொல்லும். புழு நிறுத்தாது" என்றாள் கமலினி.

சின்னதுரையின் கண் பக்கத்தில் நின்ற, கூட லோடு ஏற்றும் குணாவின் காலுக்குப் போனது. வீங்கிய அந்தக் காலுக்கு ஷூ நுழையாமல், செருப்பையும் வாரை அறுத்துத்தான் மாட்டியிருந்தான்.

"பாய், வசந்தகுமாருன்னு ஆளே இல்ல. மத்தியானம் வர்றதும் நான்தான்."

பாய் வாய் திறப்பதற்குள், "நானும் ரெண்டு ஆளு பாய்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. மொத்தம் பதினோரு ஆட்கள் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தார்கள்.

"அப்போ ஆளே இருபத்தொன்பதுதான்!" கமலினி துள்ளினாள். "அதுல இருபத்தாறு. நூத்துக்குத் தொண்ணூறு!"

"உனுக்குத் தொண்ணூறு. எனுக்கு நாமம்" என்று பாய் தலையில் கை வைத்தார். "பதினோரு பேரையும் இப்பவே வேலைய விட்டுத் தூக்குறேன்!"

வெளியே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். பாய் லாரியைப் பார்த்தார், கம்பிக் குவியலைப் பார்த்தார், பதினோரு பேரையும் பார்த்தார்.

"யோவ் வசந்த... சின்னதுரை! இன்னா பாத்துக்கினு நிக்கிற? லோடு ஏத்து."

பிறகு பதிவேட்டில் வசந்தகுமாரை அடித்துவிட்டு, 'சின்னதுரை - 2' என்று எழுதினார்.

கமலினி எட்டிப் பார்த்துப் பதறினாள். "சார், அந்த ரெண்டாவது ஆளை அடுத்த வருஷம் எனக்கு எண்ணிக் கொடுத்துடாதீங்க!"