திரும்பி வந்த தையல் மெஷின்

தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவருக்குக் கை ராசியானது. வாய்தான் கொஞ்சம் நீளம்.

பின்தெருவில் ஒரு பெண் கணவனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளோடு திண்டாடினாள். கடையில் இருந்ததிலேயே நல்ல மெஷினைப் பார்த்து எடுத்து, புது பெல்ட் மாட்டி, எண்ணெய் விட்டு, தள்ளுவண்டியில் கொண்டுபோய் அவள் வீட்டு ஜன்னலோரம் போட்டுவிட்டு வந்தார். "அல்லாஹ்வுக்காகக் கொடுக்கிற சதகாம்மா. திருப்பித் தர வேணாம்" என்றார். அன்று மனசு பஞ்சாய்ப் பறந்தது.

அதோடு விட்டிருக்கலாம். தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும்போது, "நம்ம மெஷின்தான் அந்த வீட்டுக்குச் சோறு போடுது" என்பார், நாலு பேர் காதில் விழும்படி. துணி கொடுக்க ஆட்கள் நிற்கும்போதே ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நான் குடுத்த மெஷின் எப்படி ஓடுது தங்கச்சி?" என்பார். அவள் குனிந்த தலை நிமிராது.

ஒருநாள் காலையில் கடை வாசலில் அதே மெஷின், துடைத்த பளபளப்போடு நின்றது. பக்கத்தில் அவள்.

"என்னம்மா, ரிப்பேரா?"

"மெஷின் தங்கமா ஓடுதுண்ணே. எனக்குத்தான் முடியல. ஒவ்வொரு மிதிக்கும் உங்க பேரைச் சொல்லிக்கிட்டே தைக்க வேண்டியிருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "நன்றி வேணாம், மரியாதை வேணாமா?"

"நீங்க குடுத்தது அல்லாஹ்வுக்கா, ஊருக்கா?" என்றாள் அவள், தட்டில் சோறு வைத்தபடியே. "ஊருக்குன்னா, ஊர் மெச்சி முடிச்சாச்சு. மறுமையில போய் என்னத்தைக் கேப்பீங்க? குடுத்ததைச் சொல்லிக் காட்டி தர்மத்தைப் பாழாக்காதீங்கன்னு குர்ஆன்லயே இருக்கே. தினம் ஓதுறீங்களே!"

தட்டைப் பாதியில் தள்ளி வைத்தார். கை கழுவிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம் தள்ளுவண்டி மறுபடி பின்தெருவுக்குப் போனது. "மெஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா, என் வாயிலதான் கோளாறு. மன்னிச்சிடு. இது உன் பொருள்" என்றார்.

அவள் மெஷினைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "உங்க வீட்டுத் துணியெல்லாம் எங்கிட்டத் தைக்கக் குடுக்கணும். கூலி வாங்குவேன். சம்மதமாண்ணே?" என்றாள்.

"கறாரா வாங்கும்மா."

அடுத்த வாரம், துணியும் அளவுச் சட்டையுமாக அவள் வாசலில் வரிசையில் நின்றார். முன்னால் நின்ற அம்மாள், "தையல் முத்து முத்தா விழுதே, மெஷின் எங்க வாங்கினே?" என்று கேட்டாள். பதில் அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"தெரிஞ்சவங்க மூலமா வந்துச்சு" என்றாள் அவள். பிறகு அவருடைய அளவுச் சட்டையை விரித்துப் பார்த்தாள். "இது அந்தக் காலத்து அளவுண்ணே. இப்ப தொப்பைக்குத் தனியா ஒரு முழம் துணி வேணும்!"

வாசலே சிரித்தது. அவருடைய சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பலமாகக் கேட்டது.