மாப்பிள்ளை போனுக்கு வரும் நம்பர்

என் மனைவியின் தலைக்குள் இருக்கும் கட்டியின் படம் என் மாப்பிள்ளையிடம் சிக்கிக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காதுக்குப் பின்னால் சின்னக் கட்டி. போன தடவை ஸ்கேன் எடுத்தபோது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் டாக்டர். இப்போது அவள் எழுந்து நின்றாலே சுவரைப் பிடிக்கிறாள். புதிதாக ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்று. பழைய படத்தையும் கொண்டு வாருங்கள் என்றார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வளர்ந்திருக்கிறதா என்று தெரியுமாம். வளர்ந்திருந்தால் ஆபரேஷன். இல்லாவிட்டால் தலையில் கத்தி வைக்க வேண்டாம்.

பழைய படம் கிளவுடில் இருக்கிறதாம். ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பதிவு செய்த போனுக்கு ஓடிபி வரும், அந்த நம்பரைப் போட்டு டவுன்லோடு செய்துகொள்ளுங்கள் என்று லிங்க்கை என் போனுக்கு அனுப்பினாள். பதிவு செய்த போன் மாப்பிள்ளையுடையது. அப்படியானால் என் நம்பருக்கு மாற்று என்றேன். மாற்றுவதற்கும் அதே போனுக்குத்தான் ஓடிபி போகுமாம். திருடனிடமே போய்ப் பூட்டை மாற்ற அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். நோயாளியையே கூட்டி வருகிறேன், அந்தத் தலையையே கொண்டு வருகிறேன் என்று கத்தினேன்.

"தலை எங்களுக்கு வேணாம் தாத்தா, நம்பர்தான் வேணும்" என்றாள்.

எங்கள் வீட்டில் எதுவானாலும் மாப்பிள்ளை போனில்தான். படித்தவர், மரியாதை. அவரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. பெண்ணையும் அப்படித்தான் கொடுத்தோம். அவளுடைய மெயில், பேங்க் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு அவர் கையில். தினமும் திறந்து படிப்பார், அப்புறம் போலீஸ்காரன் மாதிரி விசாரிப்பார். தாங்க முடியாமல்தான் மகள் எங்களிடம் வந்துவிட்டாள்.

அவருடைய லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். எழுந்து நாற்காலி போட்டார். அத்தை எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் போனை எடுத்து மேசைமேல் குப்புற வைத்தார்.

"குடுக்கறதுல என்ன மாமா இருக்கு? அவ வந்து கேக்கட்டும். அப்படியே பெட்டியையும் எடுத்துட்டு வரட்டும்."

எனக்குக் கை பரபரத்தது. கழுத்தை நெரித்தால் ஓடிபி வராது என்பதால் வெளியே வந்தேன். மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன், சொன்னால் கிளம்பிவிடுவாள். நான் வீடு சேர்வதற்குள் அவரே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். என் மனைவி நிலைப்படியைப் பிடித்தபடி வழியை மறித்து, உன்னை விற்று வாங்குகிற படம் எனக்கு வேண்டாம் என்று அழுதாள்.

"குடும்பம் நடத்தப் போகலம்மா. நம்பர் வாங்கப் போறேன். தள்ளு" என்றாள் மகள். பெட்டி எடுக்கவில்லை. நானும் கூடவே போனேன்.

கடை நிறைய லாரிக்காரர்கள். மாப்பிள்ளை மறுபடி நாற்காலியைக் காட்டினார். மகள் உட்காராமல் கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கம்மா தலையில கட்டி. அந்தப் படத்தைப் புடிச்சு வச்சுக்கிட்டு, பொண்டாட்டி திரும்பி வந்தாத்தான் குடுப்பேங்கறார் இவர். சாமான் வாங்க வந்தவங்க இதையும் கேட்டுட்டுப் போங்க."

வீட்டு விஷயத்தை இங்கே பேசாதே என்று பல்லைக் கடித்தார் அவர். பிரேக் ஷூவைக் கையில் வைத்திருந்த டிரைவர் ஒருவர் அதை மேசைமேல் திரும்ப வைத்தார். "முதல்ல அந்தப் பொண்ணுக்கு நம்பரைக் குடுங்க சார். அப்புறம் எனக்கு பில் போடலாம்."

கொடுத்தார். மகள் என் போனில் லிங்க்கைத் திறந்து, அவர் போனுக்கு வந்த நம்பரை அவர் படிக்கப் படிக்கத் தட்டினாள். பெரிய ஃபைல், ஆமை மாதிரி இறங்கியது. அதுவரை அங்கேயே நின்றோம். என்னைக் காபி சாப்பிடச் சொன்னார், வெட்கம் கெட்ட மனிதர். இறங்கி முடிந்ததும், போன் நம்பரை மாற்ற வேண்டும், இப்போது வருவதையும் படியுங்கள் என்றாள். படித்தார்.

"யார் நம்பரைப் போடறதுப்பா? உங்களுதா?"

என்னை மட்டும் எதை வைத்து நம்புவது? அவள் அம்மாவின் நம்பரையே போடச் சொன்னேன்.

டாக்டர் இரண்டு படங்களையும் வைத்துப் பார்த்தார். கட்டி வளர்ந்திருக்கிறது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். நேற்று மாப்பிள்ளை போன் செய்து, எந்த ஆஸ்பத்திரி மாமா என்று அக்கறையாகக் கேட்டார்.

நான் சொல்லவில்லை.