பச்சை மீன் விற்ற குற்றம்

நாயுடுபுரத்தில் மீன் வறுத்து விற்கும் முருகேஸ்வரி, தன் வாயாலேயே தன் கடைக்குப் பூட்டு வாங்கிக்கொண்டாள்.

சுகாதார ஆய்வாளர் வந்து, "பச்சை மீனாம்மா விக்கிறே?" என்று கேட்டார். அவர் கேட்டது வேகாத மீனை. மீன் விற்கிறவர்களுக்குப் பச்சை மீன் என்றால் கருவாடு இல்லாத புது மீன். பழைய மீனோ என்று சந்தேகப்படுகிறார் என நினைத்து முருகேஸ்வரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"பச்சை மீன்தான் சார்! வெள்ளனே வந்து எறங்குது. போர்டுலயே எழுதிப் போட்டிருக்கேன், பாருங்க."

அவர் போர்டைப் படம் பிடித்துக்கொண்டார். பிறகுதான் வந்த காரணத்தைச் சொன்னார். கார் ஓட்டும் சந்தோஷ்குமார் வயிற்றில் நாடாப்புழுவாம். வேகாத மீன் தின்றதால் வந்ததாம். எங்கே தின்றாய் என்றதற்கு அவன் இவள் கடையைக் கைகாட்டியிருக்கிறான். கண்ணெதிரே எண்ணெய்ச் சட்டி கொதிக்கிறது. அதை எட்டிக்கூடப் பார்க்காமல் பூட்டிவிட்டுப் போனார் அந்த மகராசன். அதுவும் டூரிஸ்டுகள் குவியும் சீசன் நேரத்தில். இந்த அடுப்பு எரிந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும்.

முருகேஸ்வரி நேரே கார் ஸ்டாண்டுக்குப் போனாள்.

"ஏலே, என் சட்டியில வெந்த மீனுல புழு உசுரோடயாலே கெடந்துச்சு?"

சந்தோஷ்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "ரிசார்ட்டுல கெஸ்ட்டுங்களோட சாப்பிட்டேன்க்கா. ஏரி மீனை வேக வைக்காமயே மெலிசாச் சீவி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுத்தாங்க. அவங்க பேரைச் சொன்னா எனக்குச் சவாரி தர மாட்டாங்க."

"அதான் என் பேரைச் சொன்னியாக்கும்? நான்னா உனக்கு எளக்காரமாப் போச்சு!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விட்டுவிட அவள் தயாராக இல்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஆய்வாளர் முன் நிறுத்தினாள். அவன் திக்கித் திணறி உண்மையைச் சொன்னான்.

"அந்த ரிசார்ட்டு மெனு கார்டுலயே வேகாத மீனுன்னு போட்டிருக்கு சார்."

ரிசார்ட்டின் பெயரைக் கேட்டதும் ஆய்வாளரின் குரல் இறங்கிவிட்டது. "அதை மெதுவா விசாரிப்போம்" என்று முனகியபடி முருகேஸ்வரியிடம் சாவியை நீட்டினார்.

"கடையைத் தொறந்துக்கம்மா. ஆனா போர்டுல பச்சை மீன்ங்கிறதை வெரசா அழிச்சிரு. ஜனங்க தப்பா நெனைப்பாங்க."

"அப்ப அவங்க மெனு கார்டு? அதை அழிக்கச் சொல்ல மாட்டீங்களா சார்?"

ஆய்வாளர் அவளை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அது இங்கிலீஷ்லதானேம்மா இருக்கு."