மூடிய முகத்துவாரம் வழியே வந்த எதிரி

1

இந்தக் கதை ஒரு கருகிய அப்பளத்தில் பிறந்தது. தொலைக்காட்சியில் ஒரு தலைவர் பேசிக்கொண்டிருந்தார். எங்கோ ஒரு தெருவை எரித்திருந்தார்கள். "நம் பிள்ளைகள் தங்கம். இது அந்நியச் சதி" என்றார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டிய தங்கத்தைத்தான் முந்தின நாள் கையில் பந்தத்தோடு அதே தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் வாய் பிளந்து நின்றதில் எண்ணெயில் கிடந்த அப்பளம் கருகிவிட்டது. என் மனைவி வசந்தா எட்டிப் பார்த்து, "இதுக்கும் பக்கத்து நாட்டுக்காரன்தான் காரணமா?" என்றாள்.

எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன். இந்தக் காலத்தில் வைத்து எழுதத் துணிச்சல் இல்லை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கும் பின்னால் போய், ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிபம் செய்த பழவேற்காட்டில் வைத்துவிட்டேன். ஒல்லாந்தர் என் மேல் வழக்குப் போட மாட்டார்கள்.

2

முதல் வரி சண்டித்தனம் செய்தது.

"ஏரியின் மேல் நிலா ஒரு வெள்ளித் தட்டாக..." வேண்டாம்.

"முன்னொரு காலத்தில் பழவேற்காடு என்றொரு..." இப்போதும் இருக்கிறது. பொன்னேரியிலிருந்து பஸ் போகிறது.

"திருவேங்கடம் இறந்த மறுநாள்..." இறக்கவில்லை, கொன்றார்கள்.

சரி, இப்படித் தொடங்குகிறேன். குப்பம்மாவின் புருஷன் திருவேங்கடம் துணிக் கிடங்கில் எரிந்து செத்தான்.

கிடங்கு ஜெகபர் அலியுடையது. ஒல்லாந்தருக்குத் துணி விற்கும் வியாபாரி அவர். மீன் குறைந்த வெயில் மாதங்களில் திருவேங்கடம் அங்கே காவலுக்குப் போவான். தீ வைத்தது கரைகாவல் கூட்டம். புறத்தியாரோடு வியாபாரம் செய்கிறவன் நிழல்கூடக் கரையில் விழக்கூடாது என்று சத்தியம் செய்த உள்ளூர்ப் பையன்கள். அவர்களுக்குத் தலைவன் தசரதன். விடிந்தபோது அவன் புருவம் இரண்டும் கருகியிருந்தன. அவன் மறைக்கவில்லை. மறைக்கிற வேலையை அவனுடைய தாய்மாமன் பார்த்துக்கொண்டார்.

தாய்மாமன் வேறு யாருமில்லை. குப்பத்துக்கே தலைவரான பெரிய நாட்டார் தருமலிங்கம்.

3

ஊர் கூடியது. தருமலிங்கம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"நம்ம புள்ளைங்க எறும்பக்கூட மிதிக்க மாட்டானுங்க. மயிலாப்பூர்ப் பறங்கிதான் ராவோட ராவா முகத்துவாரம் வழியா படகு வுட்டுக்கினு வந்து கொளுத்திட்டுப் போயிருக்கான்."

பறங்கி என்றால் மயிலாப்பூரில் கோட்டை கட்டியிருந்த போர்த்துக்கீசியன், ஒல்லாந்தரின் ஜென்ம விரோதி. ஊர் தலையைக் குனிந்துகொண்டது, துக்கத்தால் அல்ல. கடல் ஏரிக்குள் நுழையும் அந்த முகத்துவாரம் வெயிலில் மண் மேடிட்டு எப்போதோ அடைத்துப் போயிருந்தது. ஆடுகள் அதன் மேல் நடந்து அக்கரைக்கு மேயப் போய்க்கொண்டிருந்தன. அடைத்த அன்று வழக்கப்படி அங்கே தேங்காய் உடைத்து, "கங்கம்மா, சீக்கிரம் தொறந்து வுடும்மா" என்று கும்பிட்டவரே தருமலிங்கம்தான்.

"மாமா, முகத்துவாரம் மூடிக் கெடக்குதே. எப்பிடி வந்தான்?" என்றாள் குப்பம்மா.

"அதாம்மா பறங்கி. அவன் இன்னா வோணா பண்ணுவான்."

(கடற்கரையில் இறங்கி நடந்தே வந்திருக்கலாமே என்று கேட்கும் வாசகருக்கு: வந்திருக்கலாம். ஆனால் படகில் ஏரிக்குள் வந்தான் என்று தருமலிங்கம் சொல்லிவிட்டார். தலைவர்கள் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார்கள். வேண்டுமானால் ஏரியை மாற்றுவார்கள்.)

கோட்டையின் ஒல்லாந்தத் தளபதிக்கும் இதில் பரம திருப்தி. பறங்கி என்றால் மேலிடத்தில் இன்னும் நாலு பீரங்கி கேட்கலாம். மயிலாப்பூரில் பறங்கித் தலைவன் தன் தெருவில் நடந்த கொலைக்கு ஒல்லாந்தரைத் திட்டிக்கொண்டிருந்தான். (இது என் கற்பனை. ஆனால் பந்தயம் கட்டுவேன்.) எதிரி மட்டும் இல்லையென்றால் இவர்களெல்லாம் எப்படித்தான் குடித்தனம் நடத்துவார்களோ, பாவம்.

4

தசரதன் என்னைப் பாடாய்ப் படுத்துகிறான். முறுக்கு மீசை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. குப்பம்மாவுக்குப் பிரசவ வலி கண்டபோது, புயல் காற்றில் ஏரியைக் கடந்து மருத்துவச்சியை அழைத்துவந்தவன் அவன். நான் திட்டமிடவில்லை, எழுதும்போது வந்துவிட்டது. கொன்றவன் வெளியாளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம்! ஒரு கணம் தருமலிங்கத்தின் மேல் எனக்கே இரக்கம் வந்தது.

திருவேங்கடம் உள்ளே படுத்திருப்பது தசரதனுக்குத் தெரியுமா? ஒரு வரைவில் தெரியும் என்று எழுதினேன். இன்னொன்றில் தெரியாது. இரண்டிலும் குப்பம்மாவின் தாலி போய்விட்டது.

5

ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த வீட்டுக்கு என்றைக்கு எந்த இடம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். புருஷன் செத்தால் அவன் பாடு பெண்டாட்டிக்கு நிற்குமா என்பது பெரிய நாட்டாரின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. பாடு போனால் குப்பம்மாவின் இரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி இல்லை.

தருமலிங்கம் அவள் வீட்டுக்கே வந்தார்.

"கோட்டையில விசாரிப்பாங்க. பறங்கியப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. பாடு ஒனக்கே நிக்கும்."

"என் ஊட்டுக்காரரக் கொன்னது யாருன்னு ஒங்களுக்குத் தெரியாதா மாமா?"

"தெரிஞ்சி இன்னாம்மா பண்றது? அவன் நம்ம புள்ள."

"அப்ப என் ஊட்டுக்காரரு யாரு புள்ள?"

தருமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

இதற்கிடையில் தளபதி, பறங்கி வந்த வழியை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். ஊருக்கு உத்தரவு பறந்தது: முகத்துவாரத்தை வெட்டுங்கள். வெயில் காலத்தில் வெட்டினால் இரண்டு நாளில் மூடிக்கொள்ளும் என்றார்கள். "விசாரணை ஒரு நாளுதானே" என்றார் தருமலிங்கம். ஊரே மண்வெட்டியோடு போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குச் சோறு வடிக்கிற வேலை.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

குப்பம்மா பறங்கி என்கிறாள், பாடு நிற்கிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். அவளை ஏசுகிறவர் முதலில் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடட்டும்.

குப்பம்மா தசரதன் என்கிறாள், பாடு போகிறது. வாசகர் கைதட்டிவிட்டு விளக்கை அணைத்துத் தூங்குகிறார்.

வெட்டிய வழியாக நிஜமாகவே பறங்கி வந்துவிடுகிறான். விமர்சகர்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.

ஆகவே நடந்தவரை சொல்கிறேன். முகத்துவாரம் வெட்டும்போது கடைசிக் கூடை மண்ணை, அந்தப் பருவத்தின் முதல் பாடு எந்த வீட்டுக்கோ அந்த வீட்டு ஆள்தான் சுமக்க வேண்டும். அது அந்தக் கரையின் வழக்கம். அந்த மண் போனதும் கடல் உள்ளே பாயும், ஆடு நடந்த தடமெல்லாம் கரைந்துவிடும். அவசரத்தில் தருமலிங்கம் மறந்துவிட்டார். இந்தப் பருவத்தின் முதல் பாடு திருவேங்கடத்துடையது.

குப்பம்மா முன்னால் வந்தாள். கூடையைத் தலைக்கு ஏற்றிவிட ஒரு ஆள் வேண்டும். பக்கத்தில் நின்றவன் தசரதன். பழக்க தோஷம், குனிந்து தூக்கினான். கூடை அவள் தலை உயரத்துக்கு வந்தது. அவள் தலையைக் கொடுக்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"தசரதா, புருவம் இன்னும் மொளைக்கலியா?"

கூடை ஒரு பக்கம் சரிந்து, கொஞ்சம் மண் தசரதனின் காலிலேயே கொட்டியது. தருமலிங்கம் கடலைப் பார்த்தார், அங்கே ஏதாவது கப்பல் தெரியாதா என்று.

ஊர் அவள் பின்னால் நிற்கிறது. ஒரு குரல் "ஆமா, கருகுன புருவத்த நானும் பாத்தேன்" என்றால் போதும், அவள் தனி ஆள் இல்லை. அந்தக் குரலை நான் எழுத மாட்டேன். எழுதினால் அதுவும் வெளியிலிருந்து வந்ததாகிவிடும். தவிர, நான் ஒல்லாந்தர் காலத்துக்குத் தப்பி ஓடிவந்தவன், என்னை நம்பாதீர்கள்.

கூட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள். முகத்துவாரம் மூடிக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். தசரதன் எவ்வளவு நேரம்தான் கூடையைத் தாங்கிக்கொண்டிருப்பான்? அவள் திரும்பி உங்களைப் பார்க்கிறாள்.